தேங்காய் விழுந்தால் மட்டும்

கோணக்கரை ஊரில் மூளை இல்லாதவர் என்று யாரும் கிடையாது. எல்லோருக்கும் இருந்தது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சங்கிலிமாடனுக்கு ஒரே கவலை. மகள் இசக்கியம்மாள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். ஐப்பசி மழையும் வரப்போகிறது. அதற்குள் கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கோமதிநாயகத்தின் தென்னையோ அந்தக் கூரைக்கு மேலேதான் சாய்ந்து நின்றது. காய் விழும், ஓடு உடையும், இரண்டு வீட்டுக்கும் சண்டை நாறும்.

மரத்தை வெட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒப்பந்தம் போடலாம் என்று தோன்றியது. டவுனுக்குப் போய்ப் பத்திர எழுத்தரைப் பிடித்தார்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று கறாராக எழுதிவிட்டால் வம்பே இல்லை என்று சொல்லி அவர் எழுதிக் கொடுத்தார். கோமதிநாயகத்தின் மரத்திலிருந்து தேங்காய் தானாக விழுந்து, சங்கிலிமாடன் வீட்டு ஓடு உடைந்தால், கோமதிநாயகம் புது ஓடு போட்டுத் தர வேண்டும். இதில் சொல்லாத எதையும் யாரும் கேட்கக் கூடாது.

மறுநாளே ஒன்று விழுந்தது. நடுக்கூரையில் ஓட்டை. சங்கிலிமாடன் விழுந்ததைத் தூக்கிக்கொண்டு நாட்டாமை சுடலைமுத்துவிடம் ஓடினான். நாட்டாமை அதைச் சீவச் சொல்லி, முழுவதையும் குடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இது இளநீ. பத்திரத்துல தேங்கான்னுலா இருக்கு."

"அண்ணாச்சி, இதுதான வளந்து தேங்கா ஆவுது?"

"ஆவட்டும். ஆனப்புறம் விழச் சொல்லு."

சங்கிலிமாடனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மரத்தில் ஏறி, இளங்காய் ஒவ்வொன்றையும் கயிற்றால் குலையோடு கட்டிவிட்டு வந்தான். முற்றினால் அவிழ்த்துவிடலாம் என்று கணக்கு. பிறகு, காய் தானாகத்தான் விழுந்தது என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே என்று தானே கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கட்டாமல் விட்ட முற்றின காய் ஒன்று தானாக விழுந்தது. அவன் உச்சந்தலையில் விழுந்து, துள்ளித் தெருவுக்குப் போனது. மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, ஓடு உடைந்ததா என்பதுதான். உடையவில்லை என்றார்கள். பாவம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுபடி ஊர் கூடியது. கோமதிநாயகம் நல்ல மனுஷன். வலிக்கிறதா என்று கேட்டான், தைலம் தேய்த்துவிட்டான். ஆனால் தலைக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றான். சங்கிலிமாடனும் ஒத்துக்கொண்டான்.

நாட்டாமை வெகுநேரம் யோசித்தார். "தல ஓடா இருந்தா கேக்கலாம்" என்றார்.

அப்படியென்றால் தலையை ஓடாக்கிவிட வேண்டியதுதானே. தன் கூரையிலிருந்து ஓடு ஒன்றை உருவி, தலையில் வைத்து, துண்டால் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான் சங்கிலிமாடன். ஒரு தலையைத் தேங்காய் தேடிப் பிடித்து விழுவது கஷ்டம் என்று மனைவி ஆவுடையம்மாளுக்கும் ஒன்று கட்டிவிட்டான். ஊர்க்காரர்கள் ஒத்தாசைக்கு வந்தார்கள். வந்தவருக்கெல்லாம் ஆளுக்கோர் ஓடு. அடுத்த தெருக்காரர்களும் வந்து கேட்டார்கள். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஊரே தலையில் ஓட்டோடு தென்னையடியில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தபோது அடுத்த தேங்காய் விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை. கூரையில் மிஞ்சியிருந்த வெறும் கைமரங்களுக்கு நடுவே நேராக வீட்டுக்குள் இறங்கி, அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியை உடைத்தது.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த நாட்டாமையின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "தேங்கா விழுந்திருக்கு, ஓடு ஒண்ணுகூட உடையல. ஒப்பந்தம் போட்டா இப்படிலா போடணும்" என்றார். சங்கிலிமாடனும் கோமதிநாயகமும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து இசக்கியம்மாள் வண்டியிலிருந்து இறங்கினாள். மழையும் கூடவே இறங்கியது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்பா, கூரைய எங்க?"

"எல்லார் தலையிலயும் இருக்கு தாயி. ஒண்ணும் கொறையல."

அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோமதிநாயகத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். மரம் அந்தப் பக்கம் சாயாததால் அங்கே கூரை முழுசாக இருந்தது. இருட்டுவதற்குள் அங்கேயே பேரனும் பிறந்தான்.

சங்கிலிமாடனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பேரன் தன் வீட்டில் அழ வேண்டியவன், அடுத்த வீட்டில் அழுகிறான். மழையை நிறுத்தி நியாயம் கேட்க வேண்டும் என்று கொதித்தான். ஒப்பந்தம் இல்லாமல் எப்படிக் கேட்பது என்று நாட்டாமை தடுத்தார். பொழுது விடிந்ததும் தம் வீட்டில் உட்கார்ந்து அவரே ஒன்று எழுதினார். மழையாகிய எதிர்த்தரப்பு சங்கிலிமாடன் வீட்டுக்குள் விழுந்தால், நனைந்ததையெல்லாம் அதுவே காயவைத்துத் தர வேண்டும்.

மழை ஒத்துக்கொள்ள வேண்டுமே. தாளைக் கொண்டுவந்து சங்கிலிமாடன் வீட்டு முற்றத்தில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. விழுந்த இடமெல்லாம் மை கரைந்து, வட்ட வட்டமாக நீலத் திட்டு.

"கைநாட்டு வைக்குது" என்றான் சங்கிலிமாடன் மெதுவாக.

"ஒரு கைநாட்டு போதும். எத்தன வைக்குது பாத்தியா. இம்புட்டுப் பெரிய மனசுள்ள எதிர்த்தரப்ப நான் கண்டதே இல்ல" என்றார் நாட்டாமை.

அது வைத்து முடிப்பதற்குள் எழுந்து போவது மரியாதை இல்லை என்று, தலையில் ஓட்டோடு எல்லோரும் சேற்றில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகை பிறந்தும் அது வைத்துக்கொண்டுதான் இருந்தது.