ஒரு முழ இடைவேளை

எபனேசருக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் தியேட்டரில் படம் ஓட்டக் கற்க வந்த பரஞ்சோதிக்கு ஐம்பது. ஆனாலும் சர்க்கஸ் பழக்கத்தில் எபனேசரை ‘மாஸ்டர்’ என்றே கூப்பிட்டார் பரஞ்சோதி. சர்க்கஸ் கூடாரத்தில் ஊஞ்சல் பாரில் தலைகீழாகத் தொங்கி, எதிரிலிருந்து பறந்து வருகிறவரைக் கையில் பிடிப்பதுதான் முன்பு பரஞ்சோதியின் வேலை.

ஒரு வாரம் பழைய ஆங்கில சர்க்கஸ் படம் ஒன்று வந்தது. அதில் இடைவேளை போட்டிருக்கவில்லை. இப்படிப்பட்ட படங்களை எங்கே நிறுத்துவது என்று ஆபரேட்டர்தான் முடிவு செய்வார்.

“நீங்களே பார்த்து வையுங்க அண்ணே,” என்றார் மாஸ்டர்.

பரஞ்சோதி பிலிம் சுருளைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் காகிதத் துண்டைச் செருகினார்.

மறுநாள் மதியக் காட்சி. திரையில் கதாநாயகன் ஒரு பாரை விட்டான். மறு பாரில் தொங்கியவன் கைகளை நீட்டினான். இரண்டு பேர் கைகளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. பரஞ்சோதி படத்தை நிறுத்தினார். விளக்குகள் எரிந்தன.

“நல்ல இடம்,” மாஸ்டர் சிரித்தார். “ஒருத்தனும் இன்னைக்கு டீயை ஊதிக் குடிக்க மாட்டான்.”

பரஞ்சோதி சிரிக்கவில்லை. சுவரிலிருந்த சதுர ஓட்டை வழியே அரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். வெள்ளைத் திரையில் மெல்லிய நிழல் ஒன்று இடமிருந்து வலம் போனது. வலமிருந்து இடம் வந்தது.

“மாஸ்டர், திரையில என்ன ஆடுது?”

“ஃபேன் நிழலா இருக்கும்.”

“ஃபேன் சுத்தும். இது ஊசலாடுது.”

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அவர் கண்களும் அதோடு இடமும் வலமும் போயின. எங்கோ கயிறு முறுக்கேறும் ஓசை கேட்டது.

மணி அடித்தது. மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் நிழலைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பரஞ்சோதி மெஷினைத் தொடவில்லை.

“அண்ணே, ஓட்டுங்க.”

“என்னால முடியாது மாஸ்டர்.”

“ஏன்?”

“அடுத்தது கை தவறும். சுத்திப் பார்த்திருக்கேன்.”

“படம்தானே அண்ணே.”

பரஞ்சோதி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“பவித்ரன்னு ஒருத்தன். தலச்சேரிக்காரன். என் கையை நம்பித்தான் பாரை விட்டான். கீழே வலை இருந்துச்சு. அவன் வலைக்கு வெளியே போயிட்டான்.”

மாஸ்டர் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இப்பவும் கண்ணை மூடினா அவன் பாரை விட்டதோட நிறுத்திக்குவேன். அதுக்கு மேல போனதில்லை. அவன் அம்மாவைக்கூட நான் போய்ப் பார்க்கலை.”

“எத்தனை வருஷம்?”

“பதினொண்ணு.”

கீழே விசில் பறந்தது. “யோவ் ஆபரேட்டர், உன்னையச் சிங்கம் தின்னுருச்சா?” என்று ஒரு குரல் கத்தியது. அரங்கமே சிரித்தது.

மாஸ்டர் அரங்கின் விளக்குகளை அணைத்தார். இருட்டிலும் அந்த நிழல் தெரிந்தது. இடம் போனது. வலம் வந்தது.

“இங்கேயே நிறுத்திட்டா அவன் விழ மாட்டான் மாஸ்டர்,” என்றார் பரஞ்சோதி.

மாஸ்டர் அவர் கையை எடுத்து மெஷின் ஸ்விட்ச் மேல் வைத்தார். அழுத்தவில்லை.

“இறங்கவும் மாட்டான் அண்ணே.”