மூலம் தேடிய மூன்று காவலாளிகள்

கோணவாய்க்கால் பஞ்சாயத்து ஆபீசுக்கு மூன்று காவலாளிகள். மூத்தவர் அருணகிரி, அவருக்குக் கீழே சோலைராசு, பக்கிரி. ஆபீசில் திருட ஒன்றுமில்லாததால் மூவருக்கும் கெட்டிக்காரர்கள் என்று பெயர். பத்தாவது தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்ததும், ஆபீசிலேயே தமயந்தி டீச்சரை வரவழைத்துக் கணக்குப் படித்தார்கள்.

டீச்சர் பலகையில் x² + 8x + 15 = 0 என்று எழுதினார்.

"பெருக்கினா பதினஞ்சு வரணும், கூட்டினா எட்டு வரணும். ரெண்டையும் தனித்தனி அடைப்புக்குள்ள போடுங்க. ஒவ்வொரு அடைப்பையும் பூஜ்ஜியமாக்குங்க. மூலம் தானா வந்துடும். நான் சாப்பிட்டுட்டு வர்றேன்."

அவர் தலை மறைந்ததும் மூவரும் விளக்குமாற்றை எடுத்தார்கள்.

"அண்ணே, பெருக்குறதும் கூட்டுறதும் ஒண்ணுதானே?" என்றான் சோலைராசு.

"படிக்காதவன் மாதிரி பேசாதே. வாசலைப் பெருக்கணும், உள்ளே கூட்டணும்" என்றார் அருணகிரி.

வாசலில் பூவரச இலை மலையாய்க் குவிந்தது. பதினைந்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பழையபடி இறைத்துவிட்டார்கள். உள்ளே ஏழு பீடித்துண்டுதான் தேறியது. கல்விக்காக அருணகிரி ஒரு பீடியை அவசரமாகக் குடித்து எட்டாக்கினார்.

அடைப்புக்கு எங்கே போவது? பக்கிரியின் ஆட்டுப்பட்டியில் இரண்டு இருந்தன. முதல் அடைப்பில் இலையைப் போட்டதும் ஆடுகள் நொடியில் பூஜ்ஜியமாக்கின. அடுத்ததில் பீடித்துண்டைப் போட்டார்கள். எந்த ஆடும் சீண்டவில்லை.

"ஆட்டுக்குக் கணக்கு வராதுடா" என்று ஆடுகளை வெளியே ஓட்டிவிட்டு அருணகிரி தீக்குச்சியைக் கிழித்தார். பீடியோடு அடைப்பும் பூஜ்ஜியமானது.

பக்கிரி சாம்பலைக் கிளறினான். "மூலத்தைக் காணோமேண்ணே!"

"சூட்டுல உட்கார்ந்தாத்தான்டா மூலம் வரும். ஊருக்கே தெரியும்!"

மூவரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து டாக்டரிடம் ஓடினார்கள்.

டாக்டர் ஒவ்வொருவராகக் குனியவைத்துப் பார்த்தார். "வெறும் கொப்புளம். மெய்யாவே யாருக்கும் மூலம் இல்லை."

"விடை வந்துடுச்சு!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பரீட்சையிலும் அதே கணக்கு. உட்கார முடியாததால் நின்றபடியே 'மெய்யாகவே மூலம் இல்லை' என்று எழுதினார்கள். வினாத்தாளின் அடியில், 'செய்முறையைக் காட்டினால்தான் முழு மதிப்பெண்' என்று அச்சிட்டிருந்தது.

பக்கிரி கண்காணிப்பாளரை மரியாதையாக அருகில் அழைத்தான். "பார்த்துக்கோங்க சார்" என்று திரும்பி நின்று வேட்டியை அவிழ்த்தான்.