கொக்குத்தீவுக்குப் போட்ட திட்டம்

கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முக்குளிப்பு சொல்லிக்கொடுப்பது ஜெசிந்தாவின் வேலை. தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் கொட்டகை போட்டு, முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று சிலிண்டர்களை அதில் அடுக்கி வைத்திருந்தாள். அவளுக்கு முப்பதைத் தாண்டிச் சில வயது. அவளுடைய சீடர் கோதண்டத்துக்கு அறுபதைத் தொடச் சில மாதம். ஆனாலும் அவர் அவளை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

கோதண்டம் மதுரைக்காரர். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் குப்பை கொட்டிவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். ஒரு வீட்டைக் காட்டினால் அவர் கண்ணுக்குத் தீ தெரியும். வண்டியைக் காட்டினால் பள்ளம் தெரியும். அப்படிப்பட்ட மனுஷர் கடலுக்குள் எப்படி இறங்கினார் என்பது அவர் வீட்டாருக்கே இன்னும் பிடிபடவில்லை. எப்படியோ இறங்கினார், பிடித்துப்போய்விட்டது. அதே ஊரில் வாடகைக்கு வீடு பார்த்துத் தங்கி, படிப்படியாகப் பழகி, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு முங்கலாம் என்ற சான்றிதழும் வாங்கிவிட்டார்.

வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் ஒருவரைக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. சளி என்பார், காற்று சரியில்லை என்பார், பெண்ணுக்குப் பிரசவம் என்பார். மூன்றும் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை என்று அவருக்கே தெரியும். மாஸ்டர் பக்கத்தில் இல்லாமல் தண்ணீருக்குள் போக அவருக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் கேட்டே விட்டார்.

"மாஸ்டர், நான் எப்ப மாஸ்டர் ஆவேன்?"

ஜெசிந்தா ஒரு சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழம கோபிச்செட்டிபாளையத்துல இருந்து புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு வாராங்க. முன்னாலயே படிச்சவங்கதான். கொக்குத்தீவு பக்கத்துல முங்கணுமாம். நீங்க கூட்டிட்டுப் போங்க. திட்டமும் நீங்களே போடுங்க."

"நீங்க?"

"திட்டம் நீங்கதான போடுதீங்க? என்னைய எங்க வைக்கணுமோ அங்க வச்சிக்கிடுங்க."

கோதண்டத்துக்கு வாயெல்லாம் பல்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் உழைத்தார். படகுக்காரர் சந்தியாகுவைப் பிடித்துத் தீவைச் சுற்றி நீரோட்டம் எப்போது அடங்கும் என்று கேட்டார். மதியத்துக்கு மேல் காற்று ஏறிவிடும், அதற்குள் திரும்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டார். பவளப்பாறை உடையாமல் நங்கூரம் போட மணல் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போவது, எவ்வளவு நேரம் இருப்பது, எப்போது மேலே வருவது, எல்லாம் பக்காவாக முடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. ஒருவேளை முகக் கண்ணாடி உடைந்துவிட்டால்? ஆளுக்கு இன்னொன்று எடுத்துக்கொண்டார். ஒருவேளை கால் துடுப்பு கழன்று போனால்? அதிலும் இன்னொரு ஜோடி. ஒருவேளை சிலிண்டர் கசிந்தால்? மூன்று சிலிண்டர் கூடுதல். ஒருவேளை வெயில் அடித்தால், ஒருவேளை மழை பெய்தால், ஒருவேளை பசித்தால் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிற சாமான் சேர்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் ஜெசிந்தாவிடம் சொல்லிக்காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சந்தியாகு அண்ணன் படகப் பாத்திருக்கீங்கல்லா?"

"பாத்திருக்கேனே."

"சின்னப் படகு அண்ணாச்சி."

"அதெல்லாம் அடுக்கிரலாம் மாஸ்டர்."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் லேசாகப் புரண்டுகொண்டிருந்தது. கோபியிலிருந்து வந்த சென்னியப்பனும் அவர் மனைவி பூங்கோதையும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு உற்சாகமாக நின்றார்கள். கோதண்டம் சாமானை ஏற்ற ஏற்ற, பூங்கோதையின் கண் விரிந்துகொண்டே போனது.

"ஏனுங்கண்ணா, இந்தப் பெரிய குடை எதுக்குங்க? மீனுக்குங்களா?"

"ஒருவேளை வெயில் அடிச்சா?"

"நாமதான் தண்ணிக்குள்ள இருப்பமுங்களே!"

எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். முன்பக்கம் ஜெசிந்தா கடலை மிட்டாய் தின்றுகொண்டு உட்கார்ந்தாள். சந்தியாகு படகின் விளிம்பையும் அலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எஞ்சினிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எறக்குங்க."

"எதை?"

"எதையாச்சும். தண்ணி விளிம்பத் தொடப் பாக்கு. இந்த அலையில இப்படியே நான் போமாட்டேன்."

முதலில் குடை இறங்கியது. அப்புறம் தார்ப்பாய். அப்புறம் ஒரு ஊருக்கே ஆகிற இட்லி தூக்கு. ஒவ்வொன்றையும் கோதண்டம் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு இறக்கிக் கரையில் வைத்தார். கூடுதல் கண்ணாடி, கூடுதல் துடுப்பு, கடைசியாக அந்த மூன்று சிலிண்டரும் போயின.

சந்தியாகு மறுபடி விளிம்பைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு ஆள் பாரம் கொறையணும்."

"ரெண்டு நடையா போனா என்ன?"

"ரெண்டாம் நட போறதுக்குள்ள காத்து ஏறிரும். நீங்கதான வந்து கேட்டு வச்சீங்க?"

கோதண்டம் முதலுதவிப் பெட்டியையும் அதோடு இருந்த ஆக்சிஜனையும் பார்த்தார்.

"இது?"

அவ்வளவு நேரம் சும்மா இருந்த ஜெசிந்தா வாயைத் திறந்தாள். "அது எறங்கக் கூடாது அண்ணாச்சி."

"லைஃப் ஜாக்கெட்?"

சந்தியாகு முறைத்த முறைப்பில் அந்தக் கேள்வியும் கரையேறிவிட்டது.

எவ்வளவு ஆசையாகப் போட்ட திட்டம், கரையிலேயே கவிழப் பார்க்கிறதே என்று கோதண்டத்துக்கு ஆதங்கமாக இருந்தது. கடைசியில் தன் கால் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சரி, நான் எறங்கிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

"நீங்க எறங்குனா இவங்கள யாரு கூட்டிட்டுப் போவா?" என்றார் சந்தியாகு.

"அதான் மாஸ்டர் இருக்காங்களே."

சொன்னவுடன் அவருக்கு உள்ளே அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததுதான் அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

பூங்கோதையின் முகம் வாடிவிட்டது. "நீங்க கூட்டிட்டுப் போறீங்கன்னுதானுங்கண்ணா நேத்துப் பூரா போன்ல எல்லாம் வெவரமாச் சொன்னீங்க? எங்க எறங்கறது, எந்தப் பக்கம் திரும்பறதுன்னு வரைக்கும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கறமுங்க."

"ஆமாங்க," என்றார் சென்னியப்பன். "ராத்திரி தூக்கத்துலயும் அதையே சொல்லிட்டிருந்தா."

ஜெசிந்தா அடுத்த கடலை மிட்டாயைப் பிரித்தாள்.

கோதண்டம் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். படகை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். காலையிலிருந்து ஒவ்வொரு சாமானையும் தூக்கும்போது கேட்ட கேள்வியையே மனசுக்குள் கேட்டுக்கொண்டார். இது எதற்கு? சிலிண்டர் மூச்சு விட. தண்ணீர்க் குடம் தாகத்துக்கு. பெட்டி அவசரத்துக்கு. சந்தியாகு படகோட்ட. இந்த இரண்டு பேருக்காகத்தான் பயணமே. நான் இவர்களைக் கூட்டிக்கொண்டு போக.

அவர் கண் மெல்ல முன்பக்கம் போய் மாஸ்டரிடம் நின்றது.

திட்டம் போட உட்கார்ந்தபோது, நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் முன்னால், முதன்முதலாக எழுதியது அவள் பெயரைத்தான். எதற்கு எழுதினோம் என்று யோசித்தார். பதில் உடனே வந்துவிட்டது. ஒருவேளை.

மெல்லக் கூப்பிட்டார்.

"மாஸ்டர்..."

"என்ன அண்ணாச்சி?"

"தப்பா நெனைக்காதீங்க."

"சொல்லுங்க."

"நீங்க... நீங்க கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா?"

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தியாகு அவசர அவசரமாக வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். குருவையே படகிலிருந்து இறக்கிவிட்ட சீடரை அந்தக் கரை அதற்கு முன்னால் கண்டதில்லை.

ஜெசிந்தா அதற்குள் தண்ணீரில் குதித்துவிட்டாள். முழங்கால் அளவு தண்ணீர், எல்லார் மேலும் தெறித்தது. படகு நிமிர்ந்து லேசாக ஆடியது.

"இப்ப சரி," என்றார் சந்தியாகு.

"உங்க பைய எடுத்துத் தர்றேன் மாஸ்டர்," என்று கோதண்டம் முன்பக்கம் குனிந்தார். அங்கே கடலை மிட்டாய்த் தாள்தான் கிடந்தது. முகக் கண்ணாடி இல்லை, துடுப்பு இல்லை, சிலிண்டரும் இல்லை. படகில் இருந்த அத்தனை சாமானுக்கும் கணக்கு வைத்திருந்த மனுஷர் இதைக் கவனிக்கவில்லை.

"பை கொட்டகையிலதான் இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "எடுத்துட்டே வரல."

கோதண்டம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு பயமும் வந்தது.

"நான் கேக்காமலே இருந்திருந்தா?"

"அந்த இட்லியத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்போம். கடல் எங்க ஓடிரப் போகுது?"

சந்தியாகு எஞ்சினைப் போட்டார். ஜெசிந்தா இரண்டு கையையும் படகின் முனையில் வைத்து, தள்ளுவதற்குக் காலை ஊன்றினாள்.

கோதண்டம் அவசரமாக அவள் கையைப் பிடித்தார்.

"மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். தண்ணிக்குள்ள போனா நான் திரும்பித் திரும்பி உங்களத்தான் பாப்பேன். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மூச்சு சீரா வரும். இன்னைக்கு நான் யாரைப் பாக்கிறது?"

ஜெசிந்தா பின்னால் உட்கார்ந்திருந்த பூங்கோதையையும் சென்னியப்பனையும் ஒரு தடவை பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் கோதண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க யாரப் பாப்பாங்க அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, படகைத் தள்ளிவிட்டாள்.