யாளியின் நான்காவது கால்

கடல் இன்னும் கொஞ்சம் கிட்டே இருந்த காலம். அப்போது ஒரு துறைமுக ஊரை ஒரு ராசா ஆண்டு வந்தார். அவருடைய அப்பா படை நடத்திய கப்பல் ஒன்று கிழடுதட்டிக் கரையில் கிடந்தது. அதை விறகுக்குக் கொடுக்க ராசாவுக்கு மனசு வரவில்லை.

கொற்றன் என்ற தச்சனைக் கூப்பிட்டார். “என் மகளுக்கு இளவரசிப் பட்டம் கட்டப் போகிறேன். இந்தக் கப்பல் மரத்திலேயே அவளுக்கு ஓர் ஆசனம் செய். ஒரு யாளி அவளை முதுகில் சுமக்கிற மாதிரி இருக்கட்டும்” என்றார்.

கப்பலின் வளைந்த விலாக்கட்டை யாளிக்கு முதுகானது. அலை அரித்த பலகை பிடரியானது. கால்களையும் செதுக்கி முடித்து, கொற்றன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். முதல் கால் டங் என்றது. இரண்டாவதும் டங். மூன்றாவதும் டங். நான்காவது பொத் என்றது.

உளியால் குடைந்து பார்த்தான். பழைய ஆணி ஒன்று உள்ளே துருப்பிடித்து, சுற்றியிருந்த மரத்தைத் தின்றிருந்தது. புதுக்கால் செதுக்கச் சுக்கான் கட்டை மிச்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால் விழா நெருங்கிவிட்டது. நாள் தவறினால் ராசா என்ன செய்வாரோ? அரக்கையும் மரத்தூளையும் குழைத்து ஓட்டையை அடைத்தான். மேலே வண்ணம் பூசினான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்கு மட்டும் தெரிந்தது.

“அது தாங்குமா?” என்று கேட்டாள் அவன் மனைவி சாத்தி.

“சின்னப் பிள்ளைதானே. என்ன கனம் இருந்துவிடப் போகிறது?”

“அப்புறம் ஏன் உமக்குச் சோறு இறங்கவில்லை?”

மந்திரி வந்து ஆசனத்தை மெச்சினார். சொல்லிவிடலாம் என்று கொற்றன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ராணி வந்து மெச்சினாள். திறந்தான், மூடிக்கொண்டான். ராசாவே வந்தார். அப்போதும் அப்படித்தான்.

“என்னப்பா, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாய்?” என்று ராசா சிரித்தார். கொற்றனும் சிரித்து வைத்தான்.

விழா வந்தது. உயரமான கல்மேடையில் யாளி நின்றது. இளவரசி முதல் படியில் கால் வைத்தாள். கொற்றன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கொஞ்சம் பொறு, கண்ணு” என்றார் ராசா. “நம் துறையில் புதுப்படகை இறக்கினால், கட்டியவன் பிள்ளைதான் முதலில் ஏறும். இதுவும் கப்பல் மரம்தானே. கொற்றா, உன் மகள் முதலில் உட்காரட்டும்.”

கொற்றனுக்குத் தத்தை என்று ஒரே மகள். இளவரசி வயசுதான், இளவரசி கனம்தான். தாயின் பிடியை உதறிக்கொண்டு படியேறி ஓடினாள். யாளியின் பிடரியைப் பற்றி ஒரு காலைத் தூக்கினாள்.

“தத்தை, ஏறாதே!”

கொற்றன் பாய்ந்து போய் மகளை வாரி எடுத்துக்கொண்டான்.

ராசா எழுந்து வந்து கால்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். டங். டங். டங். பொத்.

“உன் மகளுக்கு ஓடி வந்தாயே. என் மகள் ஏறப் போனபோது ஏன் நின்றுகொண்டிருந்தாய்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நாள் போதவில்லை, மகாராசா” என்றான் கொற்றன்.

“நாளைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. மகளை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?”

விழா அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப் போனது. சுக்கான் கட்டையில் புதுக்கால் வந்தது. அதற்கு மட்டும் வண்ணம் பூச வேண்டாம் என்றுவிட்டார் ராசா. கொற்றன் அதைத் தட்டினான். மறுபடியும் தட்டினான். பிறகு, யாரும் சொல்லாமலே தத்தையைத் தூக்கி யாளியின் மேல் உட்கார வைத்தான். அவள் குதித்துக் குதித்துப் பார்த்து இறங்கிய பின்தான் இளவரசிக்கு வழி விட்டான்.

காது கொடுத்தவர்களே, கதை சொல்வது இதைத்தான்: தன் பிள்ளையை உட்கார வைக்கப் பயப்படுகிற இடத்தில் அடுத்தவர் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது.