மூளை வீட்டுக்கு வாக்கப்பட்டவள்

இந்தக் கதையை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று செங்காத்தாளுக்கு எப்போதும் பயம். ஆனாலும் தன் வீட்டுக் கதையை அவளே சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருப்பவையெல்லாம் வாய்திறந்து பேசிய நாளில், இரத்த ஆற்றுக்குக் கரையாக அக்கா தங்கைகள் நின்றார்கள். எல்லாரும் ஒரே அச்சு. ஆறு போன வழியே போய், ஆளுக்கொரு வீட்டில் வாக்கப்பட்டார்கள்.

பெரியவள் மங்காத்தாள் தன் பெண்களோடு ஈரல் வீட்டுக்குப் போனாள். அங்கே ஓயாத வேலை. வந்ததெல்லாம் உள்ளே போகவேண்டும். அதனால் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு நின்றார்கள். நடுவள் வடிவாத்தாள் சிறுநீரக வீட்டில் வடிகட்டுகிறவள். தன் மேனியையே சல்லடையாக்கிக்கொண்டாள். கடைக்குட்டி செங்காத்தாள் தன் பெண்களோடு போனது மூளை வீட்டுக்கு.

"நான் எப்படி நிற்கட்டும் அக்கா? ஏதாவது தப்பாகிவிட்டால்?"

"என்னைப் பார்த்து நில்லு. வாசலை அடைக்கிற குடும்பமா நம்முடையது?" என்றாள் மங்காத்தாள்.

அப்படியே இடைவெளி விட்டு நின்றாள்.

ஒருநாள் உடம்புக்காரன் பசியில் ஏதோ காட்டுக்காயைத் தின்றுவிட்டான். அதன் நஞ்சு ஆற்றோடு வந்து, திறந்த வாசல் வழியே மூளை வீட்டுக்குள் புகுந்தது. நடக்கச் சொல்லவேண்டிய மூளை காலைத் தூங்கச் சொன்னது. மூச்சுவிடச் சொல்ல மறந்தது.

"செங்காத்தா, நான் யாரு?" என்று கேட்டது.

செங்காத்தாள் தன் பெண்கள் பக்கம் திரும்பினாள். இந்த வீடு நின்றால் எல்லா வீடும் நின்றுபோகும். அக்காவைக் கேட்க நேரமில்லை.

"கை கோத்துக்குங்கடி. தோளும் தோளும் தைத்த மாதிரி நில்லுங்க."

இடைவெளி அடைபட்டது. மீதி நஞ்சு ஈரலுக்குப் போனது. மங்காத்தாள் வீட்டார் அதை முறித்துப் போட்டார்கள். மெல்ல மெல்ல மூளைக்கு நினைவு திரும்பியது.

மங்காத்தாள் ஆற்றோடு சொல்லி அனுப்பினாள்: "பெரிய இடத்துக்கு வாக்கப்பட்டதும் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்துகிறாளாமே."

"மூளைக்குச் சாப்பாடான சர்க்கரை வந்தால் நானே கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போகிறேன் அக்கா. தெரியாத முகமென்றால் உன்னிடம் அனுப்புகிறேன். நீ திறந்து வைத்திருப்பதால்தானே என்னால் பூட்ட முடிகிறது?"

மங்காத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவள் என் கூடப்பிறந்தவள்" என்று ஈரல் வீடு முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அதனால்தான், இரத்தக் குழாய்க்கு உட்சுவராக நிற்கும் உயிரணுக்கள், ஒரு தாய் மக்களானாலும், வீட்டுக்கு வீடு வேறு மாதிரி நிற்கின்றன. மூளை வீட்டில் செங்காத்தாள் கோத்த கையை இன்றுவரை தளர்த்தவில்லை.