நாற்பது பாய் நோன்பு

"தாயே, ஒரே ஒரு பாயை எடுத்துக் கொடுத்தா என் நோன்பு கெட்டுப்போயிருமா?"

அருணகிரிச் செட்டியார் வாசலிலேயே நின்று கேட்டார். அவருக்கு வயது அறுபது. ஆற்றங்கரை மடத்துத் தாயாருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. கடைச் சாவியை மகன்களிடம் தூக்கிப் போட்டுவிட்டு அவளிடம்தான் சீடராக வந்து சேர்ந்திருந்தார்.

"யாருக்கு?"

"சத்திரத்துப் பேராச்சிக்கு. அவ பிள்ளை விடியறப்ப போயிருச்சு. சுருட்டி எடுக்க ஒண்ணுமில்லை."



மேற்கே மூன்று வருஷமாக வானம் பொய்த்துவிட்டது. பிழைக்க வந்த எண்பது பேர் சத்திரத்தில் கிடந்தார்கள். மடத்துக் கஞ்சி ஒரு வேளைக்கே தண்ணீராக ஓடியது. செட்டியார் கீழூர்ப் பண்ணையார்களிடம் போய்க் கையேந்தினார்.

அவர்கள் சிரித்தார்கள். ஆயுசு முழுக்கத் தராசைத் தவிர வேறொன்றும் தொடாத மனுஷர் அல்லவா. திருவிழாப் பந்திக்கு நாற்பது கோரைப்பாய் வேண்டும், மடத்திலிருந்து வரட்டும் என்றார்கள். நாற்பதும் வந்து இறங்கிய அன்றே நாற்பது மூட்டை அரிசி வண்டியேறும். ஒன்று குறைந்தாலும் ஒரு மணி கிடையாது. கெடு நாற்பத்தெட்டு நாள்.

யார் நெய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. செட்டியாருக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனையும் என் ஒருவன் கையால் நெய்வேன், வேறு கை பட்டால் நோன்பு கெட்டது என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.

தொழில் பழகவே எட்டு நாள் போயிற்று. அப்புறம் நாளுக்கு ஒன்று. விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது. ஊரே வந்து பார்த்து மெச்சியது. மெச்சலும் ஒரு பசிதான், தின்னத் தின்ன அடங்காது.

மூன்றாம் நாளே பேராச்சி வந்தாள். பாய் நெசவு தனக்குப் பிறவித் தொழில், தறியில் கூட உட்காரட்டுமா என்று கேட்டாள். செட்டியார் அன்பாகத்தான் மறுத்தார். பட்டினி கிடப்பவளை வேலை வாங்குவது பாவம் என்று அதற்கொரு நியாயமும் சொன்னார்.

இன்று நாற்பத்தாறாம் நாள் காலை. முப்பத்தேழு பாய் முடிந்திருந்தது. மிச்சம் மூன்று பாய், மூன்று நாள்.

"கொடுத்தா எண்பது பேர் சோத்துல மண்ணு. கொடுக்கலைன்னா ஒரு பிள்ளை வெறும் உடம்பா குழிக்குப் போகும். நான் என்ன செய்ய, தாயே?"

"அவளையே போய்க் கேளுங்க, செட்டியாரே."

போனார். பேராச்சி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பாய் வேண்டாம், ஐயா. அது எல்லார் சோத்துக்கும் உள்ளது. தறியை மட்டும் கொஞ்சம் விடுங்க."

ஒரு நாள் போனால் கெடுவும் போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டாமல் இருக்க முடியவில்லை.

அவள் பிள்ளையை நிழலில் கிடத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தாள். கண் அது பாட்டுக்கு அழுதது, கை அது பாட்டுக்கு நெய்தது. உச்சிவெயில் சாய்வதற்குள் பாயை அறுத்து எடுத்துவிட்டாள்.

அரை நாள்.

வேண்டாம் வேண்டாம் என்றாலும் வியாபாரி மனசு கணக்குப் போட்டது. நாளுக்கு இரண்டு. அந்த மூன்றாம் நாளே அவளைத் தறியில் விட்டிருந்தால் இருபத்திரண்டாம் நாள் அரிசி வந்து இறங்கியிருக்கும். பிள்ளை தின்றிருக்கும்.

செட்டியார் குழி மூடும்வரை தள்ளியே நின்றார். அப்புறம் மடத்துக்கு வந்தார்.

"கொடுத்தீங்களா?" என்றாள் தாயார்.

"வாங்கலை. அவளே நெய்துக்கிட்டா."

செட்டியார் வாசல் படியில் உட்கார்ந்தார்.

"அரை நாள் போச்சு, தாயே. மிச்ச மூணையும் இனி என் ஒருத்தன் கையால முடிக்க முடியாது."

"அவளைக் கூப்பிடுங்க."

"இன்னிக்கா? எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் அவகிட்டப் போய்க் கேட்பேன்?"

தாயார் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுதான் நோன்பு, செட்டியாரே. போங்க, இன்னும் வெளிச்சம் இருக்கு."