தாண்டவராயர் வகை பிரித்த மாயக் கண்ணாடிகள்

கண்ணாடி மாட்டிக்கொண்டு பாடம் படிக்கும் காலம் ராஜாக்கள் இருந்தபோதே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மணல்மேட்டைப் பூபதிராஜா ஆண்டுகொண்டிருந்தார். கடல் கடந்து வந்த வணிகர்கள் அவருக்கு நானூறு மாயக் கண்ணாடிகளைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாடம். மாட்டினால் போதும், பாடம் எதிரே உயிரோடு வந்து நிற்கும்.

ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "விஜயதசமிக்குப் பாடசாலை திறக்கிறோம். அதற்குள் இவற்றை வகை பிரிக்க வேண்டும். சரியாகப் பிரிப்பவரே பாடசாலைக்குத் தலைவர்" என்றார்.

பிரதானி நஞ்சப்பர் உடனே எழுந்தார். தொண்ணூற்றாறு வகை, வகைக்கு எட்டு உட்பிரிவு என்று ஓலைக்கட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். பதினேழாவது வகைக்கு வருவதற்குள் சபையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

அரசவைப் புலவர் தாண்டவராயரும் தூங்கியவர்தான். உருண்டை உடம்பு, வழுக்கைத் தலை, உச்சியிலிருந்து தொப்புள்வரை விபூதிப் பூச்சு. விழித்த வேகத்தில் அவர் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"இதற்கா இவ்வளவு ஓலை? மூன்று நாள் கொடுங்கள் மகாராஜா! சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி நான் பிரித்துத் தருகிறேன்."

"முடியாவிட்டால்?" என்றார் நஞ்சப்பர்.

"ஊரைவிட்டே போய்விடுகிறேன்!"

சொன்ன பிறகுதான் தாண்டவராயருக்குத் தான் சொன்னது உறைத்தது. இந்த ஊரை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. தன் கவிதையைப் பொறுத்துக்கொள்ளும் ராஜா உலகத்தில் ஒருவர்தான் என்பது அவருக்கே நன்றாகத் தெரியும்.

முதல் நாள் குறிப்பெடுக்க ஓலையோடு உட்கார்ந்தார். கையில் கிடைத்தது கடல் கண்ணாடி. கண்ணோடு காதையும் சேர்த்து மூடும் தடிமனான கண்ணாடி அது. மாட்டியதும் வீடு அளவுக்கு ஒரு திமிங்கிலம் பக்கத்தில் வந்து கண் சிமிட்டியது. குறிப்பாவது, ஓலையாவது! இரண்டாம் நாளும் கடல்தான். மூன்றாம் நாள் காலையில், "இன்னும் ஒரே ஒரு முழுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி மாட்டினார்.

மணல்மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா வருவதை அறிவித்துக் கட்டியக்காரன் குரல் கொடுத்தால் எல்லோரும் எழுந்து ராஜாவைக் கும்பிட வேண்டும். எழாதவன் அன்றைக்கே எல்லை தாண்ட வேண்டும். நஞ்சப்பர் இதை நினைவில் வைத்துக்கொண்டு, தாண்டவராயர் இருக்கும் மண்டபத்துக்கு ராஜாவைச் சபையோடு அழைத்து வந்தார்.

"ராஜாதி ராஜ! ராஜ கம்பீர!" என்று கட்டியக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். தாண்டவராயர் தரையில் குப்புறப் படுத்து நீந்திக்கொண்டிருந்தார். நீந்தி வந்து ராஜாவின் காலை இறுகக் கட்டிக்கொண்டார்.

"ஆகா! என்ன வழவழப்பான பவளப்பாறை!"

பவளப்பாறை காலை உதறியது. தாண்டவராயர் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் வீரக்கழல் தெரிந்தது. அப்புறம் ராஜாவின் முகம். அதற்குப் பின்னால் நஞ்சப்பரின் சிரிப்பு.

"எழவில்லை, கும்பிடவில்லை, வகையும் பிரிக்கவில்லை" என்றார் நஞ்சப்பர். "ஒரே நாளில் இரண்டு தடவை ஊரைவிட்டுப் போகவேண்டியவர் இவர் ஒருவர்தான் மகாராஜா!"

தாண்டவராயருக்குப் பொய் தேடக்கூட நேரமில்லை. கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். ராஜாவின் காலைப் பார்த்தார். சட்டென்று பொறி தட்டியது.

"வகை பிரித்தாகிவிட்டதே மகாராஜா! இரண்டே பெட்டி. ஒரு வகைக் கண்ணாடி இருக்கிற உலகத்தை அடியோடு மறைத்து, வேறு உலகத்தைக் காட்டும். இன்னொரு வகையில் உலகம் இருந்தபடியே இருக்கும், அதன்மேல் பாடம் வந்து ஒட்டிக்கொள்ளும். மாட்டினவன் தங்களைக் கண்டு எழாவிட்டால் முதல் பெட்டி. எழுந்தால் இரண்டாம் பெட்டி."

"எல்லாம் சமாளிப்பு!" என்று சீறினார் நஞ்சப்பர். "எதை மாட்டினாலும் என் ராஜபக்தி மறையாது!"

"மாட்டித்தான் பாருங்களேன்" என்று தாண்டவராயர் பணிவாகக் கடல் கண்ணாடியை நீட்டினார்.

நஞ்சப்பர் ஒரு தூணருகே உட்கார்ந்து மாட்டினார். ராஜா வெளியே போய்த் திரும்பி வந்தார். கட்டியக்காரன் கத்தினான். "ஐயோ, சுறா!" என்று அலறிய நஞ்சப்பர், உட்கார்ந்தபடியே ராஜாவுக்கு முதுகைக் காட்டித் தூணைக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது மூலிகைக் கண்ணாடி, மெல்லியது. எதைப் பார்த்தாலும் அதன் பெயரையும் பயனையும் பக்கத்தில் எழுதிக் காட்டும். கட்டியக்காரன் வாய் திறந்ததுமே நஞ்சப்பர் துள்ளி எழுந்து கும்பிட்டார். "மகாராஜா வாழ்க! தங்கள் மாலையில் இருப்பது மருக்கொழுந்தாம். வாசனைக்கு நல்லதாம்!"

"அது இருக்கட்டும். சற்று முன்பு நீர் எழவே இல்லையே, பிரதானி?" என்றார் ராஜா.

நஞ்சப்பர் அவசரமாக இன்னொரு கும்பிடு போட்டார். "அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது, மகாராஜா! வேண்டுமென்றா செய்தேன்?"

"இதைவிட எனக்கு என்ன சாட்சி வேண்டும்?" என்றார் தாண்டவராயர். "கடலும் எரிமலையும் வகுப்புக்கு வராது. அவை முதல் பெட்டி. பிள்ளை அதை மாட்டும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் போல யார் காலையாவது கட்டிக்கொள்ளும். கையில் இருக்கிற இலையைப் பற்றி மேலும் சொல்ல இரண்டாம் பெட்டி."

ராஜா மீசையைத் தடவினார். "மூன்று நாளும் இதைத்தான் யோசித்தாயா?"

தாண்டவராயர் தலையைச் சொறிந்தார். "மூன்று நாளும் நீந்தினேன், மகாராஜா. தங்கள் காலைப் பிடித்த பிறகுதான் யோசனையே வந்தது."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். மூலிகைக் கண்ணாடியைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டு தாண்டவராயரைப் பார்த்தார். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

"என்ன தெரிகிறது, மகாராஜா?"

ராஜா எழுத்துக்கூட்டிப் படித்தார். "'வெண்பூசணி. நீர் அதிகம், சத்துக் குறைவு. வாசலில் கட்டினால் திருஷ்டி அண்டாது.'"

சபையே குலுங்கியது. தாண்டவராயர் தொப்பையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"மகாராஜா, இந்த ஒன்றை மட்டும் முதல் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். எதிரில் இருப்பதை மறைத்து ஏதேதோ காட்டுகிறது."

"அது சரியான பெட்டியில்தான் இருக்கிறது" என்றார் ராஜா. "இன்றுமுதல் பாடசாலைக்கு நீயே தலைவன். உன் ஆசனத்தை மட்டும் வாசலில் போடச் சொல்கிறேன்."